ரஜூலா: கப்பலும் பெயரும்

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரிடையே கப்பற்பேச்சு எழுந்தால் முதலில் வாயில் வருவது ரஜூலா என்னும் பெயரே. “தாத்தா ரஜூலாவில் வந்தவர்” என்று சொல்லாத தோட்டக் குடும்பம் குறைவு. எந்த ஆண்டில் வந்தார் என்று அடுத்த வினாவை எழுப்பினால் மட்டும் விடைகள் தடுமாறும். ஒருவர் 1912 என்பார். மற்றொருவர் 1980 என்பார். 1912இல் அக்கப்பல் பிறக்கவே இல்லை. 1980இல் அஃது உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகிவிட்டது.

சொல்பவர் பொய் சொல்கிறார் எனக் கொள்ளுதல் தவறு. ஒரு கப்பலுக்கு இட்ட பெயர், அவ்வழியே ஓடிய கப்பல்கள் அனைத்துக்கும் ஆகி வந்துவிட்டது. ஆகுபெயருக்குப் புதிய எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால், குடும்ப வரலாறு எழுத முற்படும் மாணவனுக்கு இப்பெயர் ஒரு தடையாகிறது. பிறப்புப் பத்திரமோ வேறு எழுத்துச் சான்றோ இல்லாமல் வந்து இறங்கிய தலைமுறையினருக்குக் கப்பலின் பெயரே காலத்தைக் காட்டும் குறிகளுள் ஒன்று. அப்பெயர் உறுதியற்றதாயின் காலமும் உறுதியற்றதாகும். ஆகவே, ரஜூலா என்ற உண்மைக் கப்பல் எது, எப்பொழுது ஓடியது, யாரைச் சுமந்தது என்பவற்றைத் தெளிவுபடுத்திக் கொள்வது நன்று.

ரஜூலா 1926ஆம் ஆண்டில் ஸ்காத்துலாந்தின் கிளாஸ்கோ நகரில் பார்க்லே கர்ல் கம்பெனியாரால் கட்டப்பட்டது. கட்டச் சொன்னவர்கள் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியார். அதே ஆண்டில், அதே பணிக்கென, இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் ஹாதார்ன் லெஸ்லி கம்பெனியாரிடம் ரோனா என்ற உடன்பிறப்புக் கப்பலும் உருவாயிற்று. அக்கம்பெனியின் கப்பல்களுக்கு இந்திய ஊர்ப்பெயர்களை இடுவதும், அப்பெயர்கள் பெரும்பாலும் ஆகார ஓசையில் முடிவதும் வழக்கம். ரஜூலா என்ற பெயரில் கத்தியவாரில் ஓர் ஊர் உண்டு. பெண் பெயர் என்று எண்ணி அதற்கு ஒரு கதையும் கட்டிச் சொல்வோர் இருக்கின்றனர், அதற்கு இடமில்லை.

கப்பலின் அளவு ஏறத்தாழ 8,500 மொத்த டன். நீளம் 460 அடிக்கு மேல். கப்பலியலில் மொத்த டன் என்பது எடையன்று, கொள்ளளவு. 100 கன அடி ஒரு டன். இவ்வளவிற்குள் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்றிச் செல்ல ரஜூலாவிற்கு உரிமம் வழங்கப்பட்டிருந்தது. இந்த எண்ணின் பொருளை உணர, நம் பிள்ளைகள் எல்லாரும் அறிந்த டைட்டானிக் கப்பலோடு ஒப்பிடலாம். அது 46,000 டன்னுக்கு மேற்பட்டது. 1912இல் மூழ்கிய அன்று அதில் இருந்தோர் பயணிகளும் பணியாட்களுமாக ஏறத்தாழ 2,200 பேர். டைட்டானிக்கின் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு கலத்தில், அதனில் இருந்ததைப்போல் இரு மடங்கினும் மிகுதியான மக்களை ஏற்றலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் மாணவர் மறக்கமாட்டார்கள். 8,500 டன் என்பது 8,50,000 கன அடி. அதனை 5,000 ஆல் வகுத்தால் ஆளுக்கு 170 கன அடி. ஐந்தரை அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் ஐந்தரை அடி உயரமும் உள்ள ஒரு பெட்டி! திறந்த மேல்தளம் இக்கணக்கில் சேரவில்லை என்பது மெய்; ஆனால் பொறியறையும் சரக்கறையும் மாலுமிகளின் அறைகளும் சேர்ந்தே வந்துள்ளன. அவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பாய் விரிக்கும் இடமே. பயணத்துக்குப் பயணம் முழு எண்ணிக்கையும் ஏறியது என்று கொள்ள வேண்டுவதில்லை. ஏற்றலாம் என்று கருதிக் கட்டினார்கள் என்பதே இங்குக் கருதத்தக்கது.

அவ்வாறு கட்டியதற்குக் காரணம் இருந்தது. 1907இல் மலாயாவில் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டி, அதிலிருந்து புதிய தொழிலாளரின் கப்பற்கட்டணம் செலுத்தப்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணிமார் உரிமச்சீட்டுடன் தம் ஊர்களுக்குச் சென்று ஆள் சேர்ப்பதே பெருவழக்காயிற்று. சேர்க்கப்பட்டோர் ஆவடி முகாமுக்கோ நாகப்பட்டின முகாமுக்கோ கொண்டுவரப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப்பின் கப்பலேற்றப்பட்டனர். இருபதுகளின் நடுவில் இரப்பர் விலை ஏறவே ஆள்தேவை பெருகியது. 1926ஆம் ஆண்டில் மட்டும் தென்னிந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டனர். ரஜூலாவும் ரோனாவும் அந்த ஆண்டின் பிள்ளைகள். இரப்பர்ப் பாலின் விலையே அவ்விரு கப்பல்களின் தளத்தை அளந்து கொடுத்தது எனலாம்.

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியைப் பற்றித் தமிழாசிரியர்கள் மறக்கக்கூடாத செய்தி ஒன்றுண்டு. வில்லியம் மக்கினன் என்ற ஸ்காத்து வணிகரின் முயற்சியால் 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்குமிடையே தபால் சுமக்கத் தோன்றி, 1862இல் இப்பெயர் பெற்ற நிறுவனம் அது. 1914இல் பி. அண்ட் ஓ. கம்பெனியோடு இணைந்தது. 1906இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்நிறுவனத்தை எதிர்த்தே. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே நடந்த அப்போட்டியில் வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துச் சுதேசிக் கம்பெனியை நெருக்கியது. 1908இல் சிதம்பரனார் சிறை புகுந்தார்; அவர் கம்பெனி நிலைகுலைந்து அழிந்தது. அக்கம்பெனியின் கொடியைத் தாங்கிய ஒரு கப்பலைத்தான் நம் முதியோர் சொந்த வீட்டைச் சொல்வதுபோல் அன்போடு சொல்கின்றனர். இதில் முரண்பாடு இருக்கிறது. ஆனால் ஏறியவர் கம்பெனியை நேசிக்கவில்லை. தம் தாயின் முகத்தைக் கடைசியாகக் கண்ட இடத்தையும், பல்லாண்டு கழித்துத் திரும்பிக் கண்ட இடத்தையும் இணைத்த கலத்தையே நேசித்தனர்.

கறுப்பு வண்ணம் தீட்டிய புகைபோக்கி. அதில் இரண்டு வெள்ளை வளையங்கள். கம்பெனியின் அடையாளம் அது. எழுத்தறியாதவரும் தொலைவிலேயே கண்டு, “நம் கப்பல் வருகிறது” என்று சொல்ல அது போதும்.

இனி அதன் வழியை நோக்குவோம். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தைத் தொட்டு, வங்கக்கடலைக் கடந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வந்து, அதே வழியே திரும்பும். போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியதே. சென்னையிலே செயற்கைத் துறைமுகம் உண்டு. கப்பல் கரையருகே வரும். நாகையில் அவ்வசதி இல்லை. கப்பல் கடலிலே நங்கூரமிட்டு நிற்க, மக்கள் படகுகளில் சென்று ஏற வேண்டும். ஐப்பசி கார்த்திகைக் காற்றில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆடும் படகிலிருந்து ஆடும் ஏணிக்கு அடியெடுத்து வைப்பது எளிதன்று. ஆதலால்தான் நாகையில் ஏறியவர் படகைப் பற்றிச் சொல்லாமல் தம் பயணத்தைச் சொல்வதில்லை. முதியவர் ஒருவர் படகைக் குறிப்பிட்டால் அவர் சென்னையில் ஏறியவரல்லர், நாகையில் ஏறியவர் என்று ஓரளவு துணியலாம். குடும்ப வரலாறு கேட்போர் குறித்துக்கொள்ள வேண்டிய நுட்பம் இது.

கப்பலுக்கு இரண்டு சுழலிகள். அவற்றை இயக்கியவை மும்முறை விரிவு நீராவிப் பொறிகள். கொதிகலனிலிருந்து வரும் நீராவி, முதலில் சிறிய உருளையில் தள்ளி, பின் சற்றுப் பெரிய உருளையில் தள்ளி, கடைசியாக மிகப் பெரிய உருளையில் தள்ளி, வலிமை முழுதும் தீர்ந்தபின்னரே வெளியேறும். ஒருமுறை மூட்டிய நெருப்பிலிருந்து மூன்றுமுறை வேலை வாங்கும் சிக்கனம். விரைவு இல்லை; ஆனால் பழுதும் குறைவு. மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல்மைல்தான் ஓடும். நாகைக்கும் பினாங்குக்குமிடையே 1,200 கடல்மைலுக்கு மேல் உள்ளது. வகுத்துப் பார்த்தால் நூறு மணியளவு, அதாவது நான்கு நாளும் சற்றுக் கூடுதலும் ஆகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை, இடைத்துறைகளில் நிற்கும் காலமும் சேர்த்து, ஒரு வாரம் அளவில் செல்லும்.

இந்த நான்கு நாள் வழி புதிதன்று. நாகையில் கடாரத்து மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியைச் செப்பேடுகள் கூறுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு எஞ்சி நின்ற பழைய கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அவன் மகன் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டளவில் நடந்த கடற்படையெடுப்பைச் சொல்லும்போது மாநக்கவாரம், இலாமுரிதேசம், கடாரம் என்னும் பெயர்களை அடுக்குகிறது. மாநக்கவாரம் நிக்கோபார்த் தீவு. இலாமுரிதேசம் சுமத்திராவின் வடமுனைப் பகுதி. கடாரம் இன்றைய கெடா. ரஜூலாவின் மாலுமி தன் வரைபடத்தில் கண்ட இடங்களும் இவையே. நிக்கோபாருக்குத் தெற்கே, சுமத்திராவின் வடமுனையை வலப்பக்கம் விட்டு, மலாக்கா நீரிணையுள் நுழைந்தால் கெடாவின் ஜெராய் மலை கடலிலிருந்தே தெரியும். பழங்காலக் கலங்களுக்கும் அம்மலையே வழிகாட்டி. வேறுபாடு காற்றில்தான். சோழர் கலங்கள் பருவக்காற்றுக்குக் காத்திருந்தன. ரஜூலாவோ ஆண்டு முழுதும் ஓடியது.

சொல்லைப் பற்றியும் ஒரு செய்தி. சங்க நூல்களில் கலம், நாவாய், வங்கம் என்பனவே வழங்கும். கப்பல் என்பது பின்னர்ப் பெருவழக்காயிற்று. அச்சொல் தமிழிலிருந்து மலாய் மொழிக்குச் சென்று இன்றும் ‘காப்பால்’ என வாழ்கிறது. மாறாக, மலாய்க்காரரின் ‘தொங்காங்’ தமிழில் தொங்கானாக வந்து நிலைத்தது. பினாங்குத் துறையில் தொங்கானைப் பார்த்த தமிழன் மலாய்ச் சொல்லைச் சொன்னான். கப்பலைப் பார்த்த மலாய்க்காரர் தமிழ்ச் சொல்லைச் சொன்னார்.

கப்பலின் முதல், இரண்டாம் வகுப்புகளில் சில பத்துப்பேருக்கே அறைகள். துரைமாரும் உத்தியோகத்தரும் வணிகரும் அவற்றில் சென்றனர். ஏனையோர் அனைவரும் தளப்பயணிகள். ‘டெக்கு’ என்றே நம்மவர் அதனைச் சொன்னார்கள். பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, சேலையையோ போர்வையையோ குறுக்கே கட்டிக் குடும்பத்துக்கு மறைப்பு உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வெயிலுக்குத் துணிப்பந்தல். கடல் கொந்தளிக்கும்போது கீழ்த்தளத்தில் உள்ளோர் படும் பாடு சொல்லத்தரமன்று. எலுமிச்சம்பழமும் நார்த்தங்காய் ஊறுகாயுமே மருந்து. ஊரிலே ஒரே கிணற்றில் நீர் எடுக்காதவர்கள் இங்கே பக்கத்துப் பாயில் நான்கு நாள் கிடந்தார்கள். சாதி வேற்றுமை கடலில் கரைந்துவிட்டது என்று சிலர் எழுதுவது மிகை. தோட்டத்து லயத்தில் அது மீண்டும் தலைதூக்கியதை அறியாதவர் யார்? ஆயினும் நான்கு நாள் அதனைக் கடைப்பிடிக்க வழியில்லாமற் போனது என்பது உண்மை. பிஜியிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் ஒரே கப்பலில் வந்தவர்கள் ‘ஜஹாஜி பாய்’, அதாவது கப்பல் உடன்பிறப்பு, என்று உறவு கொண்டாடினார்கள். மலாயாவில் அத்தகைய ஒரு சொல் வேரூன்றவில்லை. இங்கு வந்தவர் திரும்பிப் போகவும் மீண்டும் வரவும் இயன்றதே அதற்குக் காரணமாகலாம். ஒரே கப்பல் கொண்டுவந்ததும் கொண்டு போனதும் ஆயிற்று.

பினாங்கை அடைந்ததும் இறங்கி நடந்துவிட முடியாது. அம்மையோ வாந்திபேதியோ தொற்றியிருக்குமோ என்ற அச்சத்தால் தளப்பயணிகள் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டனர். பினாங்கிற்கு ஜெரெஜாக் தீவு. சிங்கப்பூருக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவு. போர்ட் சுவெட்டன்ஹாமிலும் ஒரு முகாம். அறைப்பயணிகளோ பெரும்பாலும் அன்றே ஊருக்குள் சென்றனர். நோய் கட்டணத்தைப் பார்த்துத் தொற்றும்போலும்!

ரஜூலா ஓடத் தொடங்கி நான்கு ஆண்டு ஆவதற்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. இரப்பர் விலை வீழ்ந்தது. 1930இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. வேலையிழந்த தொழிலாளரை ஊருக்கு அனுப்பத் தொடங்கினர். மூன்று ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆளை ஏற்றி வருவதற்கென அகலமாகக் கட்டிய தளம், ஆளை ஏற்றிப் போவதற்கும் அவ்வளவே பொருத்தமாக இருந்தது. ரஜூலாவை வருகையின் சின்னமாக மட்டும் காண்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். வந்தவர் பெயரைச் சொல்லப் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கின்றனர். திரும்பிப் போனவர் பெயரைச் சொல்ல இங்கே யாரும் இல்லை.

மந்தம் தணிந்தபின் 1934இல் மீண்டும் ஆட்கள் வரலாயினர். 1938 மே மாதம் தோட்டமுதலாளிகள் ஆண் தொழிலாளரின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தனர். இந்திய அரசாங்கம் அடுத்த மாதமே, அதாவது 1938 ஜூனில், பிறர் செலவில் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதைத் தடைசெய்தது. இந்நாள் மிகவும் பயன்படும் எல்லைக்கல். “கங்காணி கூட்டி வந்தார், கப்பல் காசு தரவில்லை” என்று ஒரு குடும்பத்தார் சொன்னால், அவர்தம் முன்னோர் பெரும்பாலும் இத்தடைக்கு முன் வந்தவரே. “சொந்தக் காசில் சீட்டெடுத்து வந்தார்” என்றால் அதற்கு முன்னும் இருக்கலாம், பின்னும் இருக்கலாம்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்று முதல் 1945 வரை பயணிகளுக்குக் கடல்வழி அடைபட்டது. ஊரில் தாய் இறந்த செய்தி இங்கு எட்டவில்லை. சயாம் ரயில்பாதையில் மகன் இறந்த செய்தி அங்கு எட்டவில்லை. ரஜூலாவும் ரோனாவும் துருப்புக் கப்பல்களாக எடுத்துக்கொள்ளப்பட்டன. ரஜூலா தப்பியது. ரோனா தப்பவில்லை.

ரோனாவின் முடிவு இங்கு விரித்துரைக்கத் தக்கது. உலகப் போர் வரலாற்றிலேயே அதற்கு ஓர் இடமுண்டு. 1943 நவம்பர் 26ஆம் நாள், அல்ஜீரியாவின் பூஜி நகருக்கு அப்பால், ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்கப் போர்வீரரைச் சுமந்து அது கப்பல் வரிசையோடு சென்றுகொண்டிருந்தது. செருமானிய விமானம் ஒன்று விடுத்த, வானொலி அலைகளால் தொலைவிலிருந்தே செலுத்தப்படும் சறுக்குக்குண்டு அதன் பக்கத்தைத் துளைத்தது. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் அமெரிக்க வீரர் மட்டும் 1,015 பேர். அக்குண்டு பெற்ற வெற்றி பகைவர்க்குத் தெரியக்கூடாதென்று அமெரிக்க அரசு செய்தியை மறைத்தது. தம் மக்கள் எவ்வாறு இறந்தனர் என்பதைப் பல குடும்பங்கள் நெடுங்காலம் அறியவில்லை.

அமெரிக்கர் தம் வீரரைப் பிற்காலத்திலேனும் எண்ணி எழுதினார்கள். ஆனால் ரோனாவின் மாலுமிகளும் நெருப்பறை ஆட்களும் பெரும்பாலும் இந்தியர். ஏறத்தாழ இருநூறு பேரான அக்கப்பற்பணியாளருள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அன்று மடிந்தனர். பல ஆண்டுகளாகத் தமிழரை ஏற்றி இறக்கிய தளத்தின் கீழே நெருப்புத் தள்ளியவர்கள் இத்தகையோரே. ரஜூலாவைப் பற்றிப் பேசும்போது அதன் உடன்பிறப்பையும் அதில் மாண்டோரையும் ஒரு சொல் சொல்லாமல் விடுவது முறையன்று.

போர் முடிந்தபின் ரஜூலா பழைய வழிக்குத் திரும்பியது. இப்பொழுதுதான் அது நம் முதியோர் நினைவில் நிற்கும் கப்பலாகிறது. கங்காணியின் கூட்டம் இப்பொழுது இல்லை. ஊர் சென்று மணம் முடித்துத் திரும்பும் இளைஞர், கணவனிடம் வரும் மனைவியர், தாத்தாவைக் காணச் செல்லும் குழந்தைகள், சிறுவணிகர், கணக்கப்பிள்ளைமார், ஆசிரியர் என்று பயணிகள் மாறினர். கப்பலின் வயிற்றில் வெங்காயமும் மிளகாயும் வந்தன. சென்னையில் அச்சான பாடநூல்களும் வார, மாத இதழ்களும் வந்தன. தோட்டப் பள்ளியில் புத்தகம் வரவில்லையென்றால் கப்பல் வரவில்லை என்று பொருள். போட்டியாக ‘ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்’ என்னும் இந்தியக் கப்பலும் இதே வழியில் ஓடியது. அதில் வந்தவர்களும் பிற்காலத்தில் தாம் ரஜூலாவில் வந்ததாகவே சொல்லக் கேட்கிறோம்.

கதவு மெல்ல அடைபட்டது. 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்தால் புதியவர் வருகை பெரிதும் குறைந்தது. அறுபதுகளில் கப்பலைத் திருத்தியமைத்தபோது தளப்பயணிகளின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைக்கப்பட்டது. 1957இல் மலாயா விடுதலை பெற்றது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. முன்பு ஒரே நாட்டின் இரு துறைகள்போல் தோன்றியவை வேறு நாடுகளாயின. 1969க்குப்பின், குடியுரிமை பெறாது சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோருக்கு வேலை உரிமம் வேண்டுமென்ற விதி மலேசியாவில் வந்தது. பிறந்தது தமிழகமேயானாலும் வாழ்நாள் முழுதும் இங்கு இரப்பர் வெட்டியவர் பலர், பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறினர். தண்டையார்பேட்டையிலும் திருச்சிப் பக்கத்துச் சிற்றூர்களிலும் “மலேயாக்காரர் வீடு” என்று பெயர் பெற்ற வீடுகளுள் இப்பயணத்தால் அமைந்தவையும் உண்டு. 1930ஐப் போலவே இம்முறையும் ரஜூலா அவர்களை ஏற்றிச் சென்றது.

1973இல் அதன் நீண்ட பணி முடிந்தது. ஒரே கம்பெனியின் கீழ் நாற்பத்தேழு ஆண்டுகள்! பயணிக் கப்பலுக்கு இருபத்தைந்து முப்பது ஆண்டு என்பதே நல்ல வாழ்நாள். இந்தியக் கப்பற்கழகம் அதனை வாங்கி, அந்தமான் தீவிலுள்ள ஓர் ஊரின் பெயரால் ரங்கத் எனப் பெயர் மாற்றியது. புதுப்பெயர் நிலைக்கவில்லை, 1974இல் பம்பாயில் உடைத்தனர். நாம் அன்போடு சொல்லும் பெயர், கப்பலின் இறுதி நாட்களில் அதன்மேல் எழுதப்பட்டிருக்கவில்லை.

அதன் இடத்துக்கு வந்தது சிதம்பரம். பிரெஞ்சுக்காரர் 1966இல் பஸ்தேர் என்ற பெயரில் கட்டிய அழகிய கப்பல் அது. சென்னைக்கும் சிங்கப்பூருக்குமிடையே ஓடியது. வெண்ணிறம்; குளிரறை; உணவுக்கூடம். ரஜூலாவில் பாய் விரித்தவர்கள் அதைப் பெரிய மாளிகையாகவே கண்டனர். 1985 பிப்ரவரி 12ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து சென்னை செல்லும் வழியில், நடுக்கடலில் அதில் தீப்பற்றியது. நாற்பது பேரளவில் மாண்டனர். அத்துடன் தமிழகத்துக்கும் மலேசிய, சிங்கப்பூர் நாடுகளுக்கும் இடையிலான முறையான பயணிக் கப்பற்போக்குவரத்து நின்றுபோயிற்று. பின்னர் எல்லாரும் விமானத்தில் ஏறினர்.

எனவே, ஒரு குடும்பத்தில் ரஜூலா என்ற பெயர் சொல்லப்படும்போது அடுத்துக் கேட்க வேண்டியவை சிலவே. படகில் ஏறினார்களா, துறைமுகத்தில் ஏறினார்களா? காசு யார் தந்தார்? இறங்கியபின் தீவில் வைத்தார்களா? போருக்கு முன்னா, பின்னா? கப்பலில் கட்டிலும் குளிரறையும் இருந்தனவா, பாய்தானா? கட்டிலும் குளிர்காற்றும் என்பாராயின், அவர் வந்தது சிதம்பரம் கப்பலில். ஆனால், “பாட்டி, அது ரஜூலா அன்று” என்று பேத்தி திருத்தினால், பாட்டி ஒப்புக்கொள்ளமாட்டார்.